மேடைக்கு வராதவர்கள்: ஒரு கல்யாண போட்டோகிராபரின் குறிப்புகள்

கல்யாண போட்டோ எடுப்பவன் என்று சொன்னால் வழக்கமாக மூன்று கேள்விகள் வரும். என்ன கேமரா வச்சிருக்கீங்க? ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு வாங்குவீங்க? கேண்டிடா, டிரெடிஷனலா? இந்த மூன்றுக்கும் பதில் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதிகம் பேர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கல்யாண ஆல்பத்தை யார், எப்போது, எதற்காகத் திறந்து பார்க்கிறார்கள்?

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் பார்த்த வரைக்கும், ஆல்பம் கைக்கு வந்த முதல் மாதம் எல்லோரும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. மறுபடி அவசர அவசரமாக அதை வெளியே எடுப்பது, பெரும்பாலும் வீட்டில் ஒருவர் இறந்துபோன அன்றைக்கு. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டும். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். ஆதார் கார்டில் இருக்கும் படம் அவர் மாதிரியே இருக்காது. போனில் இருப்பதெல்லாம் மங்கலாக, பாதி முகமாக இருக்கும். அப்போது யாராவது ஒருத்தர் சொல்வார்: "பெரியவன் கல்யாண ஆல்பத்துல நல்லதா ஒண்ணு இருக்குமே, பாருங்க."

கல்யாணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு சாவைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் எங்கே நிற்கிறேன், எந்த லென்ஸை எடுக்கிறேன், யாரைத் தேடிப் போகிறேன் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்ததுதான். அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

பெரியப்பாவின் ஸ்டூடியோ

மன்னார்குடியில் என் பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். பாஸ்போர்ட் படங்களை ஓரம் வெட்டுவது, கழுவிய பிரிண்ட்களைக் கிளிப் மாட்டிக் காயவைப்பது, வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. உள்ளே சிவப்பு பல்பு எரியும் இருட்டறை. ஹைப்போ வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். அம்மா வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள்.

ஸ்டூடியோவின் பின்சுவரில் துணியில் வரைந்த ஒரு தாமரைக் குளமும் மாடிப்படியும் இருந்தன. சீமந்தம் முடித்த பெண்கள் தலை நிறையப் பூ தைத்துக்கொண்டு வந்து, பின்னலும் தெரியும்படி கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மொட்டை போட்ட குழந்தைகள், பரீட்சை எழுதப் போகிறவர்கள், துபாய்க்குப் போகிறவர்கள் எல்லோரும் வருவார்கள்.

வாரத்துக்கு ஒருவராவது வேறொரு வேலையாக வருவார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய குரூப் போட்டோவை எடுத்து, ஒரு முகத்தின் மேல் விரலை வைப்பார். "இவரை மட்டும் தனியா எடுத்துப் பெருசாக்கித் தரணும்." பெரியப்பா அந்தப் படத்தை ஸ்டாண்டில் வைத்து மறுபடி படமெடுப்பார். பக்கத்தில் நிற்கிறவரின் தோளை பிரஷ்ஷால் மறைப்பார். சட்டை போடாத மனிதர் என்றால் சட்டை வரைவார். கணவன் ஒரு படத்திலும் மனைவி இன்னொரு படத்திலும் இருந்தால், இரண்டையும் ஒட்டிச் சேர்த்து ஜோடியாக உட்கார வைப்பார். உயிரோடு இருந்த காலத்தில் அவர்கள் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எந்தப் படமும் இல்லாத வீடுகளும் உண்டு. அந்த மாதிரி வீட்டில் யாராவது இறந்தால் ஆள் அனுப்புவார்கள். பெரியப்பா கேமராவை எடுத்துக்கொண்டு போவார். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சுற்றிக் குடும்பம் நிற்கும். வாழ்நாளில் அவருக்கு அதுதான் முதல் படமாகவும் இருக்கும்.

பெரிதாக்கக் கொண்டுவரும் குரூப் போட்டோக்களில் பெரும்பாலானவை கல்யாணப் படங்கள். ஏனென்றால் ஒரு குடும்பம் காசு கொடுத்து போட்டோக்காரரைக் கூப்பிட்டது கல்யாணத்துக்குத்தான். மீதி நாட்களில் யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை. கல்யாணப் படம்தான் அந்த வீட்டின் ஒரே ஆவணம் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்னால், அந்த மஞ்சள் பைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு ஃபிலிம் விலை அதிகம். 120 ரோலில் சதுரப் படமாக 12 வரும், 35 மில்லிமீட்டர் ரோலில் 36. நடுத்தரக் குடும்பக் கல்யாணம் மூன்று, நாலு ரோலில் முடிந்துவிடும். அதனால் பெரியப்பா வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே பேசிப் பட்டியல் போட்டுக்கொள்வார். மாலை மாற்றுவது, தாலி, அம்மி மிதிப்பது, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "வயசானவங்க யாரு யாரு வந்திருக்காங்க?" அவர்களுக்கென்று அரை ரோல் ஒதுக்கி வைப்பார். ஏன் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ராஜாவை எடுக்காத போட்டோகிராபர்

உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யார் என்று கேட்டால் நான் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரைச் சொல்வேன். ஹென்றி கார்ட்டியே-பிரெசோன். புகைப்படம் படிக்கிற யாருக்கும் தெரிந்த பெயர். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு காந்தியைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். சரியான கணத்தில் அழுத்துவது பற்றி 1952-இல் வந்த அவருடைய புத்தகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது 1937-இல் அவர் செய்த ஒரு வேலை.

அந்த வருஷம் மே 12 அன்று லண்டனில் ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை கார்ட்டியே-பிரெசோனை அனுப்பியது. உலகத்துக் கேமராக்கள் எல்லாம் ராஜாவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இவர் ராஜாவை எடுக்கவே இல்லை. ஊர்வலத்தைப் பார்க்க வந்த ஜனங்களை எடுத்தார். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்ப்பவர்கள், தூக்கம் தாங்காமல் கீழே கிடந்த செய்தித்தாள் குவியலின் மேல் படுத்துவிட்ட ஒரு ஆள், அவருக்கு மேலே சுவரில் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும் கூட்டம். படத்தில் ராஜா இல்லை. ஆனால் ராஜா போகிறார் என்பது அந்த முகங்களில் தெரிகிறது.

இதை முதல்முறை பார்த்தபோது எனக்குத் தோன்றியது நம்ம ஊர்க் கல்யாண மண்டபம்தான். மேடையில் ஒரு ராஜா, ஒரு ராணி. அவர்களைச் சுற்றி வீடியோ, கிரேன், டிரோன், நூறு மொபைல் போன். மேடைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஒரு கேமராகூட இல்லை.

இன்னொருவர் ரோலான் பார்த். அவரும் பிரெஞ்சுக்காரர், எழுத்தாளர். 1977-இல் அவருடைய அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். எதிலும் அம்மா கிடைக்கவில்லை. ஜாடை இருக்கிறது, அம்மா இல்லை. கடைசியில் 1898-இல் எடுத்த ஒரு படத்தில், அவருடைய அம்மா ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் படத்தில், தான் அறிந்த அம்மாவைக் கண்டுகொள்கிறார். அதைப் பற்றி 1980-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்தப் படத்தைப் புத்தகத்தில் போடவில்லை. உங்களுக்கு அது ஏதோ ஒரு பழைய படம், எனக்குத்தான் அது அம்மா என்பது அவர் வாதம்.

போட்டோ எடுப்பவனுக்கு இது பயமுறுத்துகிற செய்தி. 1898-இல் அந்தப் படத்தை எடுத்தவருக்கு, எண்பது வருஷம் கழித்து ஒரு மகன் இதில்தான் தன் அம்மாவைத் தேடிக் கண்டுபிடிப்பான் என்று எப்படித் தெரியும்? எந்தப் படம் யாருக்கு அப்படி ஆகும் என்று எடுக்கும்போது தெரியாது. அதனால் யாரையும் ஓரத்தில் விட்டுவிட முடியாது.

தாலி கட்டும் சில விநாடிகள்

சரி, நடைமுறைக்கு வருவோம். கல்யாணத்தில் மிகக் கஷ்டமான படம் தாலி கட்டுவது. காரணங்கள் நாலு.

முதலாவது நேரம். கெட்டிமேளம் தொடங்கியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை மிஞ்சிப் போனால் பத்து, பதினைந்து விநாடி. நாத்தனார் முடிச்சுப் போடக் குனிந்தால் அதுவும் மறைந்துவிடும். இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

இரண்டாவது கூட்டம். அதுவரை பின்னால் பேசிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அட்சதையோடு ஒரே நேரத்தில் முன்னால் வருவார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அது அவர்கள் வீட்டுக் கல்யாணம், நான் கூலிக்கு வந்தவன். அதனால் ஒரு மணி நேரம் முன்பே மேடையைச் சுற்றி நடந்து, யார் எங்கே நிற்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஒரு இடத்தைப் பிடித்து முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கும் மறைக்காது, குனிந்திருக்கும் பெண்ணின் முகமும் தெரியும்.

மூன்றாவது புகை. ஹோமப் புகைக்குள் நேராக பிளாஷ் அடித்தால் வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி வரும், படம் முழுக்க வெள்ளைத் திரை. மேலே கூரையில் அடித்துத் திருப்பலாம் என்றால், மண்டபக் கூரை உயரம், அதில் ரோஸ் கலர் துணி வேறு கட்டியிருப்பார்கள். திரும்பி வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் ரோஸாக்கிவிடும். அதனால் பக்கவாட்டில் ஸ்டாண்டில் ஒரு விளக்கு வைப்பேன், அல்லது பிளாஷ் இல்லாமலே ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி எடுப்பேன்.

நாலாவது விளக்குகள். நம்ம ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு நூறு தடவை மின்னி மின்னி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நூறில் ஒரு விநாடி வைத்தால் கோடு விழாது, ஆனால் முடிச்சுப் போடுகிற விரல் அசைந்து மங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் செய்துகொள்ள வேண்டும். மண்டபத்துக்கு மண்டபம் அது மாறும். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனிலேயே இதைச் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். தாலி கட்டும்போது நான் தாலியைப் பார்ப்பதில்லை. எங்களில் இரண்டு பேர் இருப்போம். என்னோடு வருகிற தம்பி தாலியை எடுப்பான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் முதல் முடிச்சோடு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவேன். பெண்ணின் அப்பா அந்த நேரத்தில் பெரும்பாலும் மேளக்காரரைப் பார்ப்பார், இல்லாவிட்டால் மேல்துண்டால் முகத்தைத் துடைப்பார். தங்கைகள் சிரித்துக்கொண்டே அழுவார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி, எழுந்து நிற்க முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி அட்சதை போடுவாள். அதுவும் அதே சில விநாடிகள்தான். அதற்கும் மறுபடி ஒரு வாய்ப்பு கிடையாது.

வரிசையில் நிற்கும் படம் மட்டமானதா?

2010-ஐ ஒட்டித்தான் நம் ஊர்களில் 'கேண்டிட்' என்ற வார்த்தை பரவலானது. அதற்கு முன் எல்லாமே மேடையில் வரிசையாக நிற்க வைத்து, பிளாஷ் அடித்து எடுப்பதுதான். இன்றைக்கு அந்தப் படத்துக்கு ஒரு இளக்காரம் வந்துவிட்டது. இளம் போட்டோகிராபர்கள் சிலர் குரூப் போட்டோ எடுக்கவே வெட்கப்படுகிறார்கள். "அதெல்லாம் டிரெடிஷனல்காரர் பார்த்துப்பாருங்க."

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் இரண்டும் எடுக்கிறேன். பியர் பூர்தியூ என்ற சமூகவியலாளர், தன் சொந்தப் பகுதியான தென்மேற்குப் பிரான்ஸின் கிராமங்களில் கல்யாணப் படங்களை ஆராய்ந்தார். 1965-இல் நண்பர்களோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் அது வருகிறது. விவசாயிகள் ஏன் கேமராவுக்கு நேராக, விறைப்பாக, முழு முகமும் தெரிய நிற்கிறார்கள்? அழகியல் தெரியாததால் அல்ல. நேராக நிற்பது மரியாதை. தன்னை ஒழுங்காகக் காட்டிக்கொள்வதும், பார்ப்பவரை மதிப்பதும் அதில் இருக்கிறது. குரூப் போட்டோ என்பது, நாங்கள் ஒரே குடும்பம், இன்றைக்கு எல்லோரும் வந்திருந்தோம் என்பதற்கான சாட்சி. படித்தபோது எனக்கு மன்னார்குடி ஸ்டூடியோதான் ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும் தாத்தாக்கள்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பின்னாளில் பெரிதாக்கப் பயன்படுவது அந்த வரிசைப் படம்தான். முகம் நேராக இருக்கும், நிழல் விழாது, கண் தெளிவாகத் தெரியும். மாலைக்கும் விளக்குக்கும் நடுவே பின்னணி மங்கிய கேண்டிட் படத்தில் ஒருவர் பாதி முகமாக இருப்பார், அழகாகத்தான் இருக்கும். ஆனால் "எங்க அப்பா மூஞ்சியைக் காட்டுங்க" என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது அது போதாது.

அதனால் குரூப் எடுக்கும்போது நான் அவசரப்படுவதில்லை. பின்வரிசையில் யார் முகமாவது மறைந்தால் நகர்ந்து நிற்கச் சொல்வேன். லென்ஸின் துளையைச் சற்றுக் குறுக்கி, எஃப் 5.6, எஃப் 8 என்று வைப்பேன். அப்போதுதான் முன்வரிசை, பின்வரிசை இரண்டுமே தெளிவாக விழும். வயதானவர்களை மேடைப்படி ஏறச் சொல்ல மாட்டேன். மணமக்களைக் கீழே இறங்கி அவர்களுக்குப் பக்கத்தில் வரச் சொல்வேன். இதுவரை எந்த மாப்பிள்ளையும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

மேடைக்கு வராதவர்கள்

இத்தனையும் செய்தாலும் ஒருவர் படத்துக்குள் வரமாட்டார். கணவனை இழந்த அம்மா. இல்லாவிட்டால் அத்தை, பாட்டி. சொந்த மகளின் கல்யாணத்தில் அவர் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பது இன்னமும் பல வீடுகளில் வழக்கம். யாரும் அவரைப் போகச் சொல்வதில்லை. அவரே ஒதுங்கிக்கொள்வார். முதல் நாளிலிருந்து கடைசிப் பந்தி வரை வேலை முழுக்க அவர் தலையில். ஆல்பத்தில் மட்டும் அவர் இல்லை.

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் சட்ட அங்கீகாரம் கொடுத்தது 1967-இல் கொண்டுவந்த திருத்தம். எங்கள் தஞ்சைப் பக்கத்தில் அந்த முறைக் கல்யாணங்கள் பல எடுத்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றில் கணவனை இழந்த அம்மா மேடையேறித் தன் கையாலேயே மாலையை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சடங்கு முறைக் கல்யாணத்திலும் இப்போது சில மகள்கள் பிடிவாதமாக அம்மாவை மேலே கூட்டி வருகிறார்கள். மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மெதுவாக.

சில வருஷங்களுக்கு முன் திருவாரூர் பக்கம் ஒரு கல்யாணம். நான் எப்போதும் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் தனித்தனியாகப் போனில் பேசி ஒரு பட்டியல் வாங்குவேன். பெரியப்பாவின் கேள்வியோடு நான் சேர்த்துக்கொண்ட ஒரு கேள்வி அதில் உண்டு: "மேடைக்கு வராதவங்க யாராவது இருக்காங்களா?" அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா வரமாட்டாங்க அண்ணா. அப்பா தவறிட்டாங்க. சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்க்கிறாங்க" என்றாள். அம்மா எங்கே நிற்பாங்க என்று கேட்டேன். "தெரியலண்ணா. எங்கயாவது ஓடிக்கிட்டே இருப்பாங்க."

முந்தின நாள் ராத்திரி அந்த அம்மாவை உக்கிராண அறையில் கண்டுபிடித்தேன். இடுப்பில் சாவிக்கொத்து. தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். நான் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "என்னை எதுக்குத் தம்பி எடுக்குற? ஃபிலிமு வீணாப் போவுது" என்றார். ஃபிலிம் எல்லாம் இப்போ கிடையாதும்மா என்றேன். "அப்ப சரி" என்று மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மறுநாள் முகூர்த்தத்தில் நான் நிற்கும் இடத்தை அந்த அறைக் கதவை வைத்துத்தான் முடிவு செய்தேன். நீளமான லென்ஸ், 70-200. கெட்டிமேளம் கேட்டதும் அவர் கதவருகே வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கையில் அட்சதை வைத்திருந்தார். எல்லோரும் போட்டபோது அவரும் மேடையைப் பார்த்துப் போட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து எங்கே போய் விழும்? கடைசி வரிசை நாற்காலிகளில் விழுந்தது. அது விழுமுன் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. முகம் நேராக, தெளிவாக இருக்கிறது.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது சித்தப்பா போன் செய்தார். "அந்தக் கதவாண்ட நிக்கிற படம் வேண்டாம் தம்பி. ஆல்பத்தைத் திறந்தா சந்தோஷமா இருக்கணும். பார்க்கிறவங்க நாலு கேள்வி கேப்பாங்க." அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கல்யாணத்தைக் கடன் வாங்கி நடத்தியவர் அவர்தான். பெண் வேறு மாதிரி சொன்னாள்: "தாலி கட்டுற படத்துக்கு எதிர்ப்பக்கத்துல, அதே சைஸ்ல, அம்மா படம் வரணும்." இந்த மாதிரி நேரத்தில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. சித்தப்பாவிடம் பேசச் சொல்லி அவளிடமே விட்டுவிட்டேன். என்ன பேசினார்களோ, பத்து நாள் கழித்து, "அது சொல்ற மாதிரியே வச்சிடுங்க" என்று சித்தப்பாவே சொன்னார்.

ஆல்பத்தைக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் படம் வந்ததும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேலை எப்படிக் கசங்கிக் கெடக்குது பாரு" என்றார். பிறகு எனக்குக் காபி போடப் போய்விட்டார்.

ஒரு படத்தால் ஒரு வழக்கம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. யாரையும் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வருவதும் இல்லை. அது அந்த வீட்டு மனிதர்கள் செய்ய வேண்டிய காரியம். என்னால் முடிந்தது, அவர் அன்றைக்கு அங்கே இருந்தார் என்பதைப் பதிவு செய்வது. நாளைக்குப் பிறக்கப்போகும் பேத்தி ஆல்பத்தைப் பார்த்து, "அம்மாச்சி உன் கல்யாணத்துக்கு வரலையாம்மா?" என்று கேட்கக் கூடாது.

படம் எத்தனை நாள் இருக்கும்?

இப்போது ஒரு கல்யாணத்தில் நாலாயிரம், ஐயாயிரம் படம் எடுக்கிறோம். ஆல்பத்தில் ஏறுவது இருநூறு. மீதி ஒரு பென் டிரைவில் தூங்கும். பெரியப்பா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளியால் ஆனவை, நன்றாகக் கழுவியிருந்தால் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கின்றன. அதற்கு அடுத்து வந்த எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் பலவும் சிவந்துபோய்விட்டன. அதில் இருந்த நீலச்சாயம் முதலில் மங்கியதால் வந்த வினை. டிஜிட்டல் மங்காது. ஒரேயடியாகக் காணாமல் போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் தவிர. அதனால் கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படியுங்கள். முழுப் படங்களையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். போட்டோகிராபரிடம் எந்த மாதிரி படம் வேண்டும் என்று இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்து அனுப்புகிறீர்கள், நல்லது. அதோடு ஒரு பட்டியலும் அனுப்புங்கள். எழுபது வயதுக்கு மேல் யார் யார் வருகிறார்கள்? யாரால் படி ஏற முடியாது? யார் மேடைக்கு வரமாட்டார்? யார் அன்றைக்கு முழுக்க அடுப்படியிலோ உக்கிராணத்திலோ மொய் எழுதும் மேசையிலோ இருப்பார்? பெயரும், அடையாளத்துக்குப் போனில் ஒரு படமும் போதும். முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் நேராக உட்கார வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இருபது பேர் என்றால்கூட அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கல்யாணம் முடிந்ததும் அந்தப் படங்களை மட்டும் பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆல்பம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.